“கிளவுட்டில இரிக்கி” என்று சொல்லிச் சொல்லியே தொலைத்தோம்



இதை எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் நாலு ஆசிரியர்கள் ஒரு கிழமையாக வாக்குவாதப்பட்டோம். “பாடசாலையின் மானம் போகும், பேசாமல் இருங்கள்” என்றார் ஒருவர். மற்ற மூவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு நடந்தது எத்தனையோ பாடசாலையிலும், பள்ளிவாசல் ஒபிஸிலும், மத்ரஸாவிலும், உங்கள் வீட்டு மேசையிலும் நடக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. மானத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடினால் அதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை. பதிவு நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் ஓர் உம்மா ஒபிஸுக்கு வந்தார். அவரது மகன் எங்களிடம் படித்த பிள்ளை. சாதாரண தரம் முடித்துப் போனவர், கடந்த வருடம் வீதி விபத்தில் மௌத்தாகிவிட்டார். உம்மாவின் போன் பழுதாகி அதில் இருந்த படங்களும் போய்விட்டன. “2017 இல்ல விளையாட்டுப் போட்டியில மகன் அஞ்சலோட்டம் ஓடின போட்டோ ஒண்டு நீங்க எடுத்தீங்களே சேர், அது இரிக்கா?” என்று கேட்டார். எங்களில் ஒருவர் யோசிக்கவே இல்லை. “இரிக்கி ராத்தா, எல்லாம் கிளவுட்டில இரிக்கி. திங்கக்கிழம வாங்க, பிரிண்ட் எடுத்தே தாறம்” என்றார்.

அவர் போன பிறகு கணக்கைத் திறந்தோம். 2020க்குப் பிந்திய போல்டர்கள் இருந்தன. 2009 முதல் 2019 வரை ஒன்றுமே இல்லை.

என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். படங்கள் எல்லாம் 1 டிபி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. அந்த டிஸ்க்கை ஒபிஸ் கொம்பியூட்டரில் குத்தி, அதிலுள்ள போல்டரை ஒரு பெரிய நிறுவனத்தின் கிளவுட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தக் குணம் அவர்கள் எல்லாருக்கும் பொது. மாதக் கட்டணத்தை வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கட்டினார். போல்டருக்குப் பக்கத்தில் பச்சைச் சரி அடையாளம் விழுந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு வருடக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கினோம்.

பிறகு டிஸ்க் நிரம்பியது. பரிசளிப்பு விழா வீடியோ போட இடமில்லை. எங்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். பழைய 11 வருடப் போல்டர்களை இன்னொரு பழைய டிஸ்க்குக்கு நகர்த்தினார். கொப்பி இல்லை, கட் அண்ட் பேஸ்ட். நாங்கள் அதை ‘நகர்த்தல்’ என்று நினைத்தோம். கிளவுட் மென்பொருளுக்கோ அது ‘அழித்தல்’. இணைத்த போல்டரில் இருந்து ஒரு பைல் வெளியே போனால், கிளவுட்டிலிருந்தும் அது போக வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. சொன்னபடி செய்தது. குப்பைத் தொட்டியில் 30 நாள் வைத்திருந்தது, பிறகு கொட்டிவிட்டது. இடையில் ஏதோ எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்திருக்கும். பரீட்சைக் காலம், யாரோ ‘சரி’ என்று அழுத்தியிருப்போம். அந்தப் பழைய டிஸ்க் மேசையில் இருந்து விழுந்தது. இப்போது குத்தினால் டக், டக் என்று சத்தம் மட்டும் போடுகிறது. கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தோம். தட்டில் உரசல் இருக்கிறது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள்.

முதல் குற்றவாளி நாங்கள்தான். அதில் மறுபேச்சு இல்லை. பிள்ளைகளின் படங்கள் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைத்தவர்கள் நாங்கள். இன்னும் வெட்கம் என்னவென்றால், எங்களில் ஒருவர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாட ஆசிரியர். காப்பு நகல் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர். பரீட்சைக்கு இரண்டு புள்ளி வினாவாகக் கற்பித்தோமே தவிர, ஒபிஸ் அலுமாரிக்குள் இருந்த டிஸ்க்கோடு அதற்குச் சம்பந்தம் இருப்பதாக ஒருநாளும் நினைக்கவில்லை.

ஆனால் எங்களோடு குற்றத்தை முடித்துவிட்டால் அந்தக் கம்பெனிகள் சிரித்துக்கொண்டு போய்விடும். எங்கள் கோபம் ஒரு சொல்லின் மேல். ‘சிங்க்’. தமிழில் ‘ஒத்திசைவு’ என்கிறோம். என்ன இனிமையான சொல்! சங்கீதக் கச்சேரி மாதிரி. இந்தச் சொல்லைக் கேட்பவருக்கு இரண்டு இடத்தில் இரண்டு பிரதி பத்திரமாக இருப்பது போலத்தான் தோன்றும். உண்மையில் அது கண்ணாடி. கண்ணாடியில் தெரியும் முகம் இரண்டாவது முகம் அல்ல. இங்கே காயம் பட்டால் அங்கேயும் காயம் தெரியும். இங்கிருந்து நகர்ந்தால் அங்கே வெறுமை. காப்பு நகல் என்பது இதற்கு நேர் எதிர். இங்கே என்ன நாசம் நடந்தாலும் அங்கே அசையாமல் இருக்க வேண்டியது அது. இந்த இரண்டையும் ஒரே பொத்தானுக்குள், ஒரே மேகப் படத்துக்குள், ஒரே பச்சை அடையாளத்துக்குள் போட்டுக் குழப்பி விற்கிறார்கள். எச்சரிக்கை எல்லாம் உதவிப் பக்கத்தில் இருக்கிறது என்பார்கள். ஆம், இருக்கிறது. மருந்துப் போத்தலில் ‘நஞ்சு’ என்பதைப் பெட்டிக்குள் மடித்து வைத்த கடதாசியில் மட்டும் அச்சடித்தால் ஒத்துக்கொள்வோமா?

எல்லாக் கிளவுட்டும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. குழப்பம் அங்கேதான் இன்னும் கூடுகிறது. சில மென்பொருள்கள் இரு பக்கமும் கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சில ஒரு பக்கம் மட்டும் ஏற்றும். கொம்பியூட்டருக்கான கூகுள் டிரைவ் மென்பொருளில் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு போல்டரைக் ‘கூகுள் போட்டோஸுக்கு ஏற்று’ என்று தெரிவுசெய்யலாம். அது ஒருவழிப் பாதை, டிஸ்க்கில் அழித்தாலும் மேலே அழியாது. அதே மென்பொருளில், அதே திரையில், அதே போல்டரை ‘டிரைவோடு ஒத்திசை’ என்று கொடுத்தால் கதை தலைகீழ். போனில் இன்னொரு விதம். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் நின்று ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுட்டிலும் போகும். ‘இடத்தை விடுவி’ என்பதை அழுத்தினால் போனில் மட்டும் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ‘போன் புல்’ என்று அழித்துத் தள்ளும் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? ஏற்றி முடிந்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். மௌத்து வீட்டுக் கவலையில், ஹஜ் பயணத்தில், பரீட்சைப் பரபரப்பில் 60 நாள் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும்.

“அப்பிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை” என்று கட்டாரில் இருந்து லீவில் வந்த ஒரு தம்பி எங்களுக்கு வகுப்பு எடுத்தார். அவரிடம் மெக்புக் இருக்கிறது. உள்ளே இடம் போதாமல் போட்டோஸ் லைப்ரரியை எக்ஸ்டேர்னல் டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருந்தார். அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். இதே கேள்வியோடு இன்பொக்ஸில் வருபவர்களும் அதிகம். எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் லைப்ரரி வைக்கலாம், தடையில்லை. ஆனால் அந்த டிஸ்க் ஏ.பி.எப்.எஸ் அல்லது மெக் ஓ.எஸ் எக்ஸ்டென்டட் முறையில் போர்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்.டி.எப்.எஸ் அல்லது எக்ஸ்பாட்டில்தான் வருகின்றன. என்.டி.எப்.எஸ் டிஸ்க்கை மெக் வாசிக்கும், எழுதாது. டைம் மெஷின் காப்பு எடுக்கும் டிஸ்க்கிலேயே லைப்ரரியையும் வைக்கக் கூடாது. பென் டிரைவிலும், எஸ்.டி காட்டிலும், நெட்வர்க்கில் பகிர்ந்த டிஸ்க்கிலும் வைக்க வேண்டாம் என்று அப்பிளே சொல்கிறது, தரவு இழப்பு வரலாம் என்பதால்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஐகிளவுட் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஒரு மெக்கில் எத்தனை லைப்ரரி வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் ‘சிஸ்டம் போட்டோ லைப்ரரி’ என்று குறிக்கப்பட்ட ஒன்று மட்டும்தான் ஐகிளவுட்டோடு பேசும். லைப்ரரியை டிஸ்க்குக்கு நகர்த்திய பிறகு, ஒப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு போட்டோஸைத் திறந்து, புதிய இடத்தில் உள்ளதைத் தெரிவுசெய்து, செட்டிங்ஸில் போய் அதைச் சிஸ்டம் லைப்ரரி ஆக்க வேண்டும். டிஸ்க்கின் தகவல் பெட்டியில் ‘இந்த டிஸ்க்கில் உரிமையைப் புறக்கணி’ என்ற சதுரத்தையும் ஒருமுறை பாருங்கள், அனுமதிச் சிக்கல் பலது அங்கேதான் தீரும். லைப்ரரி குழம்பியிருந்தால் ஒப்ஷனையும் கொமாண்டையும் சேர்த்து அழுத்தித் திறந்தால் பழுதுபார்க்கும் பெட்டி வரும். அதற்கு முன் ஒரு பிரதி எடுங்கள். டிஸ்க் குத்தாமல் போட்டோஸைத் திறந்து, லைப்ரரியைக் காணவில்லை என்றதும் அவசரப்பட்டுப் புதிய ஒன்றை உருவாக்கி, அதையே சிஸ்டம் லைப்ரரியும் ஆக்கிவிட்டு, “படமெல்லாம் இரண்டு இரண்டாக வருகிறது” என்று வருபவர்கள் தனிச் சாதி.

அந்தத் தம்பி இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார். டிஸ்க்கைக் கையில் தூக்கிக் காட்டி, “கிளவுட்டிலயும் இரிக்கி, இதிலயும் இரிக்கி, ரெண்டு கொப்பி” என்றார். நாங்கள் ஒரு வேலை செய்யச் சொன்னோம். வைபையை நிறுத்திவிட்டு, ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கச் சொன்னோம். படம் மங்கலாகவே நின்றது. காரணம், அவரது மெக்கில் ‘சேமிப்பைச் சிக்கனமாக்கு’ என்பது தெரிவாகி இருந்தது. அந்தத் தெரிவில் இடம் குறையும்போது மூலப் படம் ஐகிளவுட்டில் மட்டும் இருக்கும், டிஸ்க்கில் சின்னப் பிரதிதான் இருக்கும். ‘மூலங்களை இந்த மெக்குக்கு இறக்கு’ என்பதைத் தெரிவுசெய்தால்தான் டிஸ்க்கில் எல்லா உண்மையான படமும் வந்து சேரும். அவர் தூக்கிக் காட்டிய டிஸ்க் முழுக்க நிழல்கள். இரண்டு கொப்பி அல்ல, ஒன்றரைகூட இல்லை. அவர் ஒரு பொறியியலாளர்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஆத்திரம் வருகிறது. ‘சிக்கனமாக்கு’ என்று எழுதியிருப்பதை ‘உன் மூலப் படத்தை உன் டிஸ்க்கிலிருந்து எடுத்துவிடுகிறோம், நீ எங்களுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் வரை தருவோம்’ என்று எழுதியிருந்தால் அவர் அதை அழுத்தியிருப்பாரா?

“அவர்கள் நம்மை விடத் தெரிந்தவர்கள், என்றைக்கும் இருப்பார்கள்” என்பார்கள். சரித்திரத்தைப் பாருங்கள். கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் வந்தபோது அளவில்லாமல் இலவசம் என்று வந்தது. நம் ஆட்கள் முழுச் சீவியத்தையும் அதில் கொட்டினார்கள். 2021 ஜூன் 1ஆம் திகதியோடு அந்த வாசல் மூடியது. அதன் பின் ஏற்றியவை எல்லாம் மெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் எண்ணப்படுகின்றன. 2019 ஜூலையில் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் இடையில் இருந்த தானியங்கி இணைப்பை அறுத்தார்கள். அதை நம்பித் தங்கள் டிஸ்க்குக்குப் படம் இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றோடு புதிய படம் வருவது நின்றது. பிளிக்கர் ஒரு காலத்தில் இலவசமாக 1 டிபி கொடுத்தது. இலவசக் கணக்கை 1000 படமாகச் சுருக்கி, மிச்சத்தை அழிக்கப் போவதாக 2018இல் அறிவித்தது. அப்பிளின் ‘மை போட்டோ ஸ்ட்ரீம்’ 2023 ஜூலை 26இல் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் அறிவித்தல் கொடுத்துத்தான் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மெயில் யாருக்குப் போனது? வட்ஸ்அப் மட்டும் பார்க்கும் உம்மாவுக்கா?

எல்லாவற்றையும் விட நம் சமூகம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் கொள்கை வகுத்து, 2023 டிசம்பரில் இருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. மௌத்தான ஒருவரின் கணக்கை யார் தொடுவார்? வாப்பாவின் போன் இலக்கம் வேறு யாருக்கோ போய்விடும், பாஸ்வேர்ட் அவரோடு கபுறுக்குள் போய்விட்டது. 40ஆம் நாள் ஓதி, வருடமும் ஓதி, ஒருநாள் பேரப்பிள்ளை “மூத்தாப்பாட படம்” என்று கேட்கும்போது கணக்கே இருக்காது. இப்போதே, உயிரோடு இருக்கும்போதே, உங்கள் உம்மா வாப்பாவின் போனை எடுத்து உட்காருங்கள். கூகுளில் ‘இனெக்டிவ் எக்கவுண்ட் மெனேஜர்’ என்று ஒன்று உண்டு, கணக்கு தொடாமல் கிடந்தால் யாரிடம் கொடுப்பது என்று எழுதி வைக்கலாம். கிட்டத்தட்ட வஸிய்யத் மாதிரித்தான். எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். “கிளவுட்டே வேண்டாம், டிஸ்க் ஒன்று போதும்” என்று சில பெரியவர்கள் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் டிஸ்க்கே விழுந்து செத்தது. டிஸ்க் திருட்டுப் போகும், வெள்ளத்தில் நனையும், ஒன்றுமே இல்லாமல் சும்மா இருந்தும் சாகும். ஆனால் ‘கம்பெனியின் கொம்பியூட்டர் சாகாது’ என்பதும் பொய். 2021 மார்ச் 10இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச் நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்று தீப்பிடித்து எரிந்தே போனது. வேறிடத்தில் காப்பு வைக்காதவர்களின் தளங்கள் அதோடு போயின. 2023 நவம்பரில் கூகுள் டிரைவ் பாவித்த சிலர், பல மாதப் பைல்களைக் காணவில்லை என்று கத்தினார்கள். கொம்பியூட்டர் மென்பொருளில் கோளாறு இருப்பதை நிறுவனம் ஒத்துக்கொண்டு, மீட்கும் கருவி ஒன்றைக் கொடுத்தது.

அவ்வளவு தூரம் ஏன்? நம் நாட்டு அரசாங்கத்தின் கிளவுட்டை 2023 ஓகஸ்டில் ரென்சம்வெயார் தாக்கியது. ஜிஓவி.எல்கே மின்னஞ்சல் பாவித்த அலுவலகங்களின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5000 முகவரிகள். காப்பு இருந்தது, ஆனால் அதுவும் இணைந்தே இருந்தது, அதுவும் பூட்டப்பட்டது. இணைப்பில் இல்லாத, கழற்றி வைத்த காப்பு அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமே தப்பவில்லை. எங்கள் ஒபிஸ் டிஸ்க்கும் அந்த அரச கிளவுட்டும் செத்தது ஒரே நோயால்: காப்பு என்று நினைத்தது மூலத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஏன் இவ்வளவு சூடாகிறீர்கள், படம்தானே என்று கேட்பவர்களுக்கு. இந்தச் சமூகத்துக்குப் படம் தொலைவது புதிதல்ல. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். அல்பத்தைத் தேட யாருக்கு நேரம் இருந்தது? புத்தளத்தில் இன்று பேரப்பிள்ளை கண்டிருக்கும் பல கலியாண வீடுகளில், மூத்தம்மாவின் கலியாணப் படம் என்று ஒன்றே இல்லை. 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியாப் பக்கமெல்லாம் கடல் வந்து எடுத்துக்கொண்டு போனதில் பிள்ளையும் போனது, பிள்ளையின் படமும் போனது. எங்களில் ஒருவருக்கு அந்த அலையில் போன தங்கையின் முகம் இப்போது ஞாபகத்தில் மங்குகிறது. பார்த்துச் சரிசெய்ய ஒரு துண்டுப் படமும் இல்லை. துவக்குக்கும் கடலுக்கும் நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த முறை தொலைந்தது ஒரு கட் அண்ட் பேஸ்ட்டால்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பிரபலமாக்கிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில். அதைத்தான் எங்கள் வசதிக்கு ஏற்ப வெட்டித் தைத்திருக்கிறோம். பழைய மாணவர் ஒருவர் இரண்டு டிஸ்க் வாங்கித் தந்தார், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். ஒன்று ஒபிஸில் கிளவுட்டோடு இணைந்திருக்கும். மற்றதன் மேல் சிவப்பு மார்க்கரால் “சிங்க் செய்யாதே” என்று எழுதி, ஓர் ஆசிரியரின் வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறோம். தவணைக்கு ஒருமுறை கொண்டுவந்து, கொப்பி மட்டும் செய்து, கழற்றி, திருப்பி அனுப்புகிறோம். கட் என்ற வேலை எங்கள் ஒபிஸில் ஹராம் மாதிரி ஆகிவிட்டது. கொப்பி செய்ததும் ஏதாவது பத்துப் படத்தை அந்த டிஸ்க்கில் இருந்தே திறந்து பெரிதாக்கிப் பார்க்கிறோம். பைல் பெயர் இருப்பதும் படம் இருப்பதும் ஒன்றல்ல என்று இப்போது தெரியும்.

ஒபிஸ் கொம்பியூட்டரில் இன்னொரு பேய் இருந்தது. காலையில் யாராவது பென் டிரைவை முதலில் குத்திவிட்டால், டிஸ்க்குக்கு ஈ என்ற எழுத்துக்குப் பதிலாக எப் என்ற எழுத்து விழும். கிளவுட் மென்பொருள் ‘போல்டரைக் காணவில்லை’ என்று கத்தும். யாராவது அவசரத்தில் வேறு வெறும் போல்டரைக் காட்டிவிடுவார்கள். டிஸ்க் மெனேஜ்மென்ட்டில் போய் அந்த டிஸ்க்குக்கு எப்போதும் மாறாத ஓர் எழுத்தைக் கொடுத்தோம், பேய் ஓடிவிட்டது. நிகழ்ச்சி வீடியோ பெரிய பைலாக இருந்து கொப்பியாகாமல் அடம்பிடித்தால் டிஸ்க் பாட்32இல் இருக்கிறதா என்று பாருங்கள். அது 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு பைலை ஏற்காது. ‘சேப்லி ரிமூவ்’ கொடுக்காமல் இழுத்துப் பிடுங்குவது பற்றிச் சொல்லி அலுத்துவிட்டது.

கூகுள் போட்டோஸில் மட்டும் படம் வைத்திருப்பவர்கள் டேக்அவுட் வழியாக எல்லாவற்றையும் இறக்கலாம். இறக்கும்போது ஒவ்வொரு படத்தோடும் ஜேசன் என்று ஒரு சிறு பைல் வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள், நீங்கள் கூகுளுக்குள் திருத்திய திகதி, எழுதிய குறிப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நேரத்தையும் கணக்குப் பண்ணுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் 200 ஜிபி போய்ச்சேர 111 மணித்தியாலம் வேண்டும், ஒரு நிமிடமும் அறுபடாமல். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை மறந்துவிட்டோமா? அவசரத்துக்குக் கிளவுட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பவர் அவசரத்தைக் கண்டவர் அல்ல.

பெண் பிள்ளைகளின் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று அல்பத்தைத் திறந்து குரூப்பில் போடும் பழக்கம் பல பாடசாலைகளில் இருக்கிறது. அந்த இணைப்பு எத்தனை குரூப்புக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியாது. எங்கள் பாடசாலையில் அதை நிறுத்திவிட்டோம். அது தனிப் பதிவுக்குரிய விஷயம்.

வலயத்துக்கும் ஒன்று சொல்கிறோம். கொம்பியூட்டர் தருகிறீர்கள், நன்றி. ஸ்மார்ட் போர்ட்டும் வருகிறது. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு காப்பு டிஸ்க்கும், அதை யார் எப்போது கொப்பி செய்தார் என்று எழுதும் ஒரு பதிவேடும் வைக்கச் சொல்லி ஒரு சுற்றுநிருபம் போடுங்கள். வரவுப் பதிவேட்டைப் பரிசோதிப்பது போல அதையும் வந்து பரிசோதியுங்கள். இரண்டு கதிரை வாங்கும் காசுகூடத் தேவைப்படாது.

அந்த உம்மா திங்கட்கிழமை சொன்னபடியே வந்தார். பழைய மாணவர் குரூப் ஒன்றில் தேடி, யாரோ 2017இல் வட்ஸ்அப்பில் போட்ட படம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தோம். ஓரத்தில் மகன் நிற்கிறார், முகம் ஒரு விரல் நகத்தளவு. பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைகிறது. அதையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்துவிட்டு, “இது போதும் சேர்” என்றார். போதாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அதனால் எங்கள் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2009 முதல் 2019 வரை எங்கள் பாடசாலையில் எடுத்த படம் எதுவாக இருந்தாலும், பழைய மெமரி காட், உடைந்த லெப்டொப், சீடி, எதில் இருந்தாலும் தேடிப் பாருங்கள். குறிப்பாக 2017 இல்ல விளையாட்டுப் போட்டி, கடைசி நாள், பின்னேரம், ஆண்கள் அஞ்சலோட்டம். நீல இல்லம், இரண்டாவது ஓட்டக்காரர். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் போட்டோவாக அனுப்ப வேண்டாம், அது நசுக்கிவிடும். ‘டொகியுமென்ட்’ என்று தெரிவுசெய்து அனுப்புங்கள். டிஸ்க்கோடு நேரில் வருபவர்கள் சனிக்கிழமை லுஹர் வரை ஒபிஸில் எங்களைக் காணலாம். கொப்பி எடுத்துவிட்டு உங்கள் டிஸ்க்கை உங்கள் கண்முன்னே திருப்பித் தருவோம்.